கேமராவும் ஊரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். வெறுங்கையோடு போனால் கலகலவென்று பேசுகிறார்கள். கேமராவை வெளியே எடுத்ததும் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்று முடித்துவிடுகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அவர்கள் பயம் கேமரா மேல் இல்லை. அந்தக் காட்சி நாளை யார் கண்ணில் படும் என்பதுதான் பயம். கங்காணி நிற்கிற வரப்பில் வைத்துக் கூலியைப் பற்றிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? பாத்தியில் வேலையை மட்டும் எடுங்கள். பேச்சை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோங்கள். விடியுமுன் வேலைக்குப் போனவர்கள் வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார்கள். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழும் நேரம், மாலை நான்கு மணிக்கு மேல், சரியாக இருக்கும். வேலை நடுவே அரை மணி நேரம் நிறுத்திப் பேசவைப்பது அவர் கூலியில் கை வைப்பதற்குச் சமம்.

முதல் கேள்வியே கஷ்டத்தைப் பற்றி இருக்கக் கூடாது. உப்பு விளைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். தொழில் நுணுக்கத்தைச் சொல்லும்போது யாருக்கும் கேமரா மறந்துவிடும். மழை தொடங்கி வேலை நின்ற மாதங்களிலும் அவசியம் போங்கள். கடன் பேச்சு அப்போதுதான் வரும்.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. வெள்ளை உப்பைப் பார்த்துக் கேமராவின் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரி பூசியது போல் ஆகும். கேமராவின் ஆட்டோ முறையை அணைத்துவிட்டு முகத்துக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வையுங்கள். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் இல்லாமல் உப்பளத்துக்குப் போகாதீர்கள். அதற்குப் பதில் ஷட்டர் வேகத்தை ஏற்றிச் சமாளித்தால், உப்பு வாரும் கை திரையில் வெட்டி வெட்டி ஓடும். லென்ஸை அங்கே மாற்ற வேண்டாம். டிரைபாட் கால்களை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் பூட்டுகள் உப்பேறி இறுகிவிடும்.

கேள்வி: படத்தில் பேசிய ஓர் அம்மா, எடிட்டிங் முடிந்த பிறகு 'நான் பேசினத எடுத்துரு தம்பி' என்கிறார். கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எடுத்துவிடுங்கள். கையெழுத்து வக்கீலிடம் காட்ட உதவும், அந்தத் தெருவுக்குள் மறுபடி நுழைய உதவாது. ஆனால் முழுவதையும் வெட்டுமுன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் உறுத்துவது ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும்: முதலாளி பெயர், வட்டிக் கணக்கு, மருமகளைப் பற்றி வாய் தவறி வந்த ஒரு சொல்.

கனடாவில் 1967-ல் இதை ஒரு முறையாகவே செய்து பார்த்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து கடலோரச் சிற்றூர்களைக் காலி செய்யும் அரசுத் திட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ, ஃபோகோ தீவு மீனவர்களை வைத்து ஒரே பெரிய படம் எடுக்காமல் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்தார். முதல் பார்வையாளர்கள் தீவுக்காரர்கள்தான். அவர்கள் சம்மதித்த பிறகே வெளியாருக்கும் அரசுத் தரப்புக்கும் காட்டினார்கள். தீவில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவாக அந்தத் திரையிடல்களும் ஒரு காரணம்.

சம்மதத்தை இரண்டு முறை வாங்குங்கள். எடுக்குமுன் ஒருமுறை, ரஃப் கட் (முதல்கட்ட எடிட்டிங்) பார்த்த பின் ஒருமுறை. படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டாமல், வாசித்துக் காட்டி அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஊருக்குள் காட்டலாமா, விழாவுக்கு அனுப்பலாமா, யூடியூபில் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். யூடியூபில் போனது திரும்பி வராது.

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் சம்மதப் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தை மங்கலாக்கியது போதும் என்று நினைக்காதீர்கள். குரல், யூனிஃபார்ம், வீட்டுச் சுவரின் நிறம் மூன்றும் சேர்ந்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வீட்டுக்குள் எடுக்கும் பேட்டிகளில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். டியூப்லைட்டும் மினுக்குகிறது.
– மாணவி, மதுரை

பதில்: இரைச்சல் ஃபேனும் ஃப்ரிட்ஜும். இரண்டையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், மறுபடி போடாமல் கிளம்ப முடியாது. காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். முந்தானையும் தாலிச் சங்கிலியும் அதில் உரசக் கூடாது. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் முப்பது விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டர் உங்களைக் கும்பிடுவார்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்தால் மினுக்கல் நிற்கும். மொபைலில் எடுப்பதானால் ஃப்ரேம் வேகத்தைப் பூட்டும் ஆப் வேண்டும். இல்லையென்றால் வேகம் தானாக ஏறி இறங்கி, தனி ரெக்கார்டரில் எடுத்த குரல் போகப் போக உதட்டை விட்டு விலகிவிடும்.

கேள்வி: என் கணவர் ஆவணப்பட இயக்குநர். பாதி நாள் வெளியூர், வருமானமும் நிலையில்லை. விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் மனமில்லை.
– வாசகி, கோவை

பதில்: ஜப்பானின் ஒகாவா ஷின்சுகேயை இந்தத் துறையில் தெய்வமாகச் சொல்வார்கள். 1968 முதல் நரிதா விமான நிலையத்தை எதிர்த்த சன்ரிசூகா விவசாயிகளோடு வாழ்ந்து படமெடுத்தார். பிறகு குழுவோடு யமகாதா பகுதியின் மகினோ கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, தாங்களே நெல் நட்டு, பத்தாண்டுக்கு மேல் அங்கேயே படமாக்கினார். அந்தக் குழுவில் சமையல்கட்டைச் சுமந்தவர்கள் பெண்கள் என்பதையும், 1992-ல் அவர் இறந்தபோது பெருங்கடன் மிஞ்சியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டுக் கணக்கையும் படக் கணக்கையும் இரண்டு வங்கிக் கணக்காகப் பிரியுங்கள். நகையை அடகு வைத்து ஷூட்டிங் போக வேண்டாம். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். பல படங்கள் நின்றுபோவது எடிட்டிங் மேஜையில்தான், ஏனென்றால் ஷூட்டிங்கோடு பணம் தீர்ந்திருக்கும். ஐந்து நாள் எடுத்துவிட்டுப் பத்து நாள் வீட்டில் இருப்பது படத்துக்கும் நல்லது. ஒரு மணி நேரப் பேட்டியைக் கையால் எழுதி எடுக்கவே நான்கைந்து மணி நேரமாகும். அதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

இன்னொன்று, அவர் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். படத்தில் வருபவர்கள் இரவு பத்து மணிக்கும் அழைப்பார்கள்: ஆஸ்பத்திரிச் செலவு, ரேஷன் கார்டு, மகனின் ஃபீஸ். எதற்கு உதவுவது, எவ்வளவு வரை என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வாங்குவது?
– வாசகர், சேலம்

பதில்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. முப்பது மணி நேரம் என்றால் 1.35 டி.பி. ஆகவே 2 டி.பி. டிஸ்க் இரண்டு, ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். இரண்டு பிரதியையும் ஓட்டிப் பார்க்குமுன் மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

கேள்வி: எடுத்த ஊரிலேயே திரையிட என்னென்ன வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், நாளாகும், முன்பே விண்ணப்பியுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி. இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். 3000 லூமன் புரொஜெக்டரும் பன்னிரண்டு அடி வெள்ளைத் துணியும் போதும், ஆனால் நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள். தெருவிளக்கை அணைக்க முன்னமே சொல்லிவையுங்கள். கடலோர ஊரில் துணி பாய்மரம் போல் உப்பிவிடும்: நான்கு மூலையையும் இழுத்துக் கட்டி, கீழ் விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே ஒரு மூங்கிலைச் செருகுங்கள்.