நிகழ்ச்சிப் பரிசாக அச்சிட்ட குவளைகள்: கேள்வி பதில்

விழாக்களிலும் அலுவலகங்களிலும் பரிசாகக் கொடுக்கும் பீங்கான் குவளைகள் குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, பரிசுப்பொருள் அச்சுத் தொழிலில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு 300 குவளைகள் வேண்டும். ஒரு கடையில் சப்ளிமேஷன் என்கிறார்கள், இன்னொரு கடையில் டெக்கால் என்கிறார்கள். எது சரி? (கோயம்புத்தூர்)

சப்ளிமேஷனில் படத்தைத் தனி மையால் தாளில் அச்சிட்டு, குவளையைச் சுற்றி ஒட்டி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்துவார்கள். மை ஆவியாகி, குவளையின் மேல் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும் பாலிமர் பூச்சுக்குள் இறங்கும். டெக்காலில், பீங்கானுக்கே உரிய நிறமிகளால் அச்சிட்ட மெல்லிய படலத்தைக் குவளையில் ஒட்டிச் சூளையில் ஏறத்தாழ 800 டிகிரியில் சுடுவதால், நிறம் பீங்கானின் மெருகோடு உருகி ஒட்டிவிடும். முன்னதில் ஒரே ஒரு குவளையைக்கூட அச்சிடலாம், ஒவ்வொன்றிலும் வேறு பெயர் போடலாம். பின்னதில் நிறத்துக்கொரு அச்சுத் திரை செய்ய வேண்டியிருப்பதால் தொடக்கச் செலவு அதிகம். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு குவளைக்கான செலவு குறையும். 300 குவளைகளிலும் ஒரே சின்னம், ஒன்றிரண்டு நிறம் என்றால் டெக்காலையே கேளுங்கள். ஒவ்வொருவரின் பெயரும் துறையும் வர வேண்டுமென்றால் சப்ளிமேஷன்தான் வழி.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் கொடுத்த குவளைகளில் சில மாதங்களிலேயே படம் போய்விட்டது. மை மட்டமானதா? (சென்னை)

கையில் வாங்கியபோதே படம் வெளிறியிருந்தால், அழுத்தும்போது வெப்பமோ நேரமோ போதாமல் போயிருக்கும். முதலில் பளிச்சென்று இருந்து பின்னர் திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் குறை மையில் இல்லை, சப்ளிமேஷன் மை இறங்கும் பாலிமர் பூச்சில் இருக்கிறது. விலை மலிவான வெற்றுக் குவளைகளில் அந்தப் பூச்சு மெல்லியதாக இருக்கும். கம்பி நாரால் தேய்த்தால் தாங்காது. அடுத்த முறை ஒரு மாதிரிக் குவளையை வாங்கி, ஒரு வாரம் வீட்டில் எல்லாப் பாத்திரங்களோடும் போட்டுக் கழுவச் செய்து பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நிறம் கருநீலம். கருநீலக் குவளையில் வெள்ளைச் சின்னம் வேண்டும், முடிந்தவரை பெரிதாக. (திருப்பூர்)

சப்ளிமேஷன் மை ஒளி ஊடுருவக்கூடியது. அதில் வெள்ளை நிறமே கிடையாது. ஆகவே கருநீலக் குவளையில் வெள்ளைச் சின்னம் போட டெக்காலைத்தான் நாட வேண்டும். வெள்ளைக் குவளை முழுவதையும் நீலமாக அச்சிட்டுச் சின்னத்தை மட்டும் வெறுமையாக விடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கைப்பிடியும் அதன் இருபுறமும் வெள்ளையாகவே நின்று கண்ணை உறுத்தும். வெளியே வெள்ளை, உள்ளேயும் கைப்பிடியும் நீலம் என்று அமைந்த குவளைகள் கிடைக்கின்றன. அந்த வெள்ளைப் புறத்தில் சின்னத்தை நீலமாகப் போடலாம். என் தேர்வு அதுதான்.

சின்னத்தின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். விளம்பரப் பலகையைக் கையில் ஏந்திக் காபி குடிக்க யாருக்கும் விருப்பமிருக்காது. பெரிய சின்னம் போட்ட குவளை பேனா செருகி வைக்கத்தான் பயன்படும். வலக்கையில் பிடிக்கும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரியும் பக்கத்தில் சின்னத்தைச் சிறிதாகப் போட்டு, குடிப்பவர் பார்க்கும் பக்கத்தில் அவருடைய பெயரைப் போடுங்கள்.

கேள்வி: பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வருவோருக்குத் தாம்பூலப் பையில் அவர்கள் படம் போட்ட குவளை வைக்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை)

வழக்கமாகக் கிடைப்பது ஏறத்தாழ 325 மில்லி பிடிக்கும் குவளை. டம்ளர் அளவில் காபி குடிக்கும் பெரியவர்களுக்கு அது மிகப் பெரியது. 200 மில்லிக்குள் இருப்பதைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைக் கொடுக்காமல், எடுத்த மூலக் கோப்பையே கொடுங்கள். தங்க விளிம்பு வைத்தவை அழகுதான், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும்.

தமிழ் எழுத்துகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யூனிகோடில் தட்டெழுதிய வாசகத்தைக் கடையில் உள்ள பழைய வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமும் சிதறிவிடும். வேற்று மாநிலத்துக்கு ஆர்டர் கொடுத்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூட ஆள் இருக்காது. வாசகத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவமாக (எழுத்துரு இல்லாமலே திறக்கும் வரைபடமாக) மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்பி, முதல் குவளையின் படத்தை வரவழைத்துத் தமிழ் அறிந்த இருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சூடான பானம் ஊற்றினால் படம் தெரியும் மேஜிக் குவளை நல்லதா? (திருச்சி)

குழந்தைகள் பிறந்தநாளுக்கு நல்லது. ஆனால் சூடு படும்வரை படத்தை மறைத்திருக்கும் கறுப்புப் பூச்சு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் முரட்டு நாரையும் தாங்காது.

கேள்வி: எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும்? விருந்தினர்கள் பேருந்தில் திரும்புகிறவர்கள். (சேலம்)

நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குங்கள். வழியில் உடைவதும் அச்சில் பிசகுவதும் அதற்குள் அடங்கும். ஒரு குவளை ஏறத்தாழ 350 கிராம் என்பதால் 300 குவளைகள் நூறு கிலோவைத் தாண்டும். மண்டபத்தில் யார் இறக்குவது, எங்கே அடுக்குவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டைப் பெட்டி கட்டாயம். விருந்தினர்கள் தொலைவிலிருந்து வருகிறவர்களானால், லேசரில் பெயர் பொறித்த எவர்சில்வர் குவளையைப் பரிந்துரைப்பேன். விலை சற்றுக் கூடினாலும் வீடு போய்ச் சேரும்.