கல்லாப்பெட்டி பதில்கள்

கேள்வி: ஸ்காட்லாந்தில் எல்ஜின் என்ற ஊரில் ஒரு குடும்பம், அடுத்தவர் காய்ச்சிய விஸ்கியை வாங்கிப் பாட்டிலில் அடைத்தே நூறு வருடத்துக்கு மேல் பிழைத்ததாமே? இதில் என்ன பெரிய திறமை?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: மயிலாப்பூரில் எங்கள் அப்பா காபிப்பொடிக் கடை வைத்திருந்தார். எங்களுக்கு ஒரு காபிச் செடிகூடக் கிடையாது. எங்கோ விளைந்ததை வாங்கி, வறுத்து, அரைத்துக் கொடுப்பதுதான் தொழில். எந்த வீட்டுக்கு பீபெரி எத்தனை, பிளாண்டேஷன் எத்தனை, சிக்கரி எத்தனை என்று ஒரு பழைய நோட்டில் இருக்கும். மாட வீதி மாமி ஒருவர் மாதம் தவறாமல், "போன மாசம் மாதிரியே இருக்கணும்" என்பார். போன மாதக் கொட்டை தீர்ந்து, வேறு தோட்டத்து மூட்டை வந்திருக்கும். அப்பா வறுத்த கொட்டை இரண்டை மென்று பார்த்து, அளவைக் கொஞ்சம் மாற்றுவார். மாற்றியது மாமிக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதற்குத்தான் காசு.

நீங்கள் கேட்கும் எல்ஜின் கம்பெனி, கார்டன் அண்ட் மெக்ஃபெயிலும் 1895-ல் மளிகைக் கடையாகத்தான் தொடங்கியது. ஜானி வாக்கரின் மூலவர் ஜான் வாக்கரும் கில்மார்நாக்கில் மளிகைக்காரர்தான். எல்ஜின் கடையில் ஆரம்பத்திலேயே வேலைக்குச் சேர்ந்த ஜான் அர்க்கார்ட் 1915-ல் பொறுப்புக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் வம்சம்தான் முதலாளி.

அவர்கள் விஸ்கி காய்ச்சும் டிஸ்டில்லரிகளுக்குத் தங்கள் ஓக் பீப்பாய்களைக் கொடுத்து, புதுச் சரக்கை அதில் நிரப்பி வாங்கிக் காத்திருப்பார்கள். எந்தச் சரக்குக்கு எந்தப் பீப்பாய், எப்போது இறக்குவது என்பதில்தான் சூட்சுமம். வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். வறுக்கும்போது எடை குறைவதை எங்கள் அப்பா 'அக்னி பகவான் கமிஷன்' என்பார்.

ஆனால் அப்பா அரைத்த பொடியை மூன்று நாளுக்கு மேல் கடையில் வைக்க மாட்டார். இவர்களோ 1940-ல் கிளென்லிவெட் டிஸ்டில்லரிச் சரக்கை நிரப்பிய பீப்பாய் ஒன்றை 80 வருடம் விட்டுவைத்து, 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பேரப்பிள்ளைகள்தான் விற்பார்கள் என்று தெரிந்தே நிரப்புவதற்குத் தனி மனசு வேண்டும். 1993-ல் பென்ரோமக் என்ற டிஸ்டில்லரியையும் வாங்கினார்கள். 2024 முதல் வெளியார் சரக்கைப் புதிதாக நிரப்புவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். நாலு தோட்டத்துக் கொட்டையை மென்ற நாக்குக்குச் சொந்தத் தோட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: மைத்துனர் பீரோவில் '12 வருட' ஸ்காட்ச் பத்து வருடமாகத் தூங்குகிறது. இப்போது அது 22 வருடமா?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: இல்லை, 12-தான். வயது ஏறுவது மரத்துக்குள், கண்ணாடிக்குள் அல்ல. அப்புறம், பல விஸ்கிகளைக் கலந்திருந்தால் லேபிளில் போடும் வயது அதில் மிக இளையதன் வயது. மூத்த பிள்ளை வயதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

கேள்வி: 'ஸ்காட்ச்' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 'இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்பட்டது' என்கிறார்களே, மோசடிதானே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அவசியம் மோசடி என்றில்லை. ஸ்காட்லாந்திலேயே குறைந்தது மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதன்பின் பல டிஸ்டில்லரிச் சரக்கைக் கலந்த பிளெண்டட் வகையை மொத்தமாகக் கப்பலேற்றி இங்கே அடைக்கலாம். ஒரே டிஸ்டில்லரியில் மால்ட் பார்லியிலிருந்து காய்ச்சிய சிங்கிள் மால்ட் மட்டும் அங்கேயே பாட்டிலில் அடைபட வேண்டும். 'ஸ்காட்ச்' என்ற பெயருக்கு இந்தியாவிலும் புவிசார் குறியீடு உண்டு. பதிவேடு இருப்பது உங்களுக்குப் பக்கத்தில், நம்ம கிண்டியில்.

கேள்வி: இவ்வளவு விவரம் சொல்கிறீர்களே, நீங்கள் சாப்பிடுவதுண்டா?
– அதே பெரம்பூர் வாசகர்

பதில்: டாக்டர் காபியையே ஒரு வேளையாகக் குறைத்துவிட்டார், சார்.