செகண்ட் கியரில் கரகரக்கும் பழைய கார்: வாங்கலாமா?

கேள்வி: காட்பாடியில் பழைய கார் வியாபாரம் செய்பவரிடம் ஒரு டீசல் கார் பார்த்திருக்கிறேன். நிற்கும்போது ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் இரண்டும் இறுக்கமாக விழுகின்றன. செகண்ட் போடும்போது சில நேரம் கரகர சத்தம். "கியர் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா? வாங்கிய பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம். செலவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை அழுத்தி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் பெடலை நாலைந்து முறை அடித்துவிட்டுப் போடுங்கள். உடனே சுலபமானால் உள்ளே காற்று புகுந்திருக்கும், அல்லது கிளட்ச் சிலிண்டர் கசியும். இது பெரிய செலவில்லை. கிளட்ச் பிளேட்டே போயிருந்தால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டியதில்லை.

செகண்டில் மட்டும் வரும் கரகரப்புதான் எனக்குக் கவலை. பெரும்பாலும் அது சிங்க்ரோ ரிங் (கியர் விழும்முன் சுழலும் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்மானம். அதற்கு கியர் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும், ஆயில் மாற்றித் தேய்ந்த ரிங்கை மீட்க முடியாது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் நன்றாகச் சூடான பிறகும் ஓட்டிப் பாருங்கள். பெங்களூர் ஹைவேயில் நேராக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஓட்டினால் கிளட்ச் தெரியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிக்கொண்டே ஏறினால் சிங்க்ரோவும் தெரிந்துவிடும். அவ்வளவு தூரம் விடமாட்டார் என்றால் ஏதாவது ஒரு மேட்டில் ஏறும்போதாவது கியரை இறக்கிப் பாருங்கள். ஆயிலை வடிக்கும்போது பித்தளைப் பொடி மினுங்கினாலும் ரிங் தேய்கிறது என்றே கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் இதையெல்லாம் பார்க்க வியாபாரி சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வழக்குப் போடலாம். அவர் இதைத் தொழிலாகச் செய்பவர், நீங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறீர்கள் என்பதால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். (தெருவில் தெரிந்தவரிடம் அவருடைய சொந்தக் காரை வாங்கினால் இந்த வழி கிடையாது.) பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் "ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்" என்ற வாய்வார்த்தையை அங்கே நிரூபிப்பது கஷ்டம். கியர் பாக்ஸுக்கு இத்தனை மாதம் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், கியர் பாக்ஸ் வேலைக்கு மெக்கானிக் சொல்லும் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.