இத்தாலி அணி மாறியதா? கூட்டணி ஒப்பந்தத்தை வாசிக்கும் விதம்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் உலகப்போருக்கு நாடுகளின் கூட்டணிகளும் ஒரு காரணம் என்று நடத்தியபோது ஒரு மாணவி, "இத்தாலி ஜெர்மனியோட கூட்டணியில்தானே இருந்தது சார், அப்புறம் ஏன் எதிரணியில சண்டை போட்டது?" என்று கேட்டாள். துரோகம் என்று சொல்லிக் கடந்துவிட்டேன், மனசு ஒப்பவில்லை. எப்படி விளக்குவது? அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இன்றைய நேட்டோ ராணுவக் கூட்டணியும் இப்படித்தானா?

பதில்: 'துரோகம்' என்பது 1914-க்குப் பொருந்தாது. 1915-க்கு வேண்டுமானால் பேசலாம். எந்தக் கூட்டணியைப் பற்றிப் பேசினாலும் அதன் ஒப்பந்தத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: என்ன நடந்தால் உதவிக்கு வர வேண்டும்? வந்து என்ன செய்ய வேண்டும்? கூட்டணி என்றாலே எல்லாச் சண்டைக்கும் கூட வருவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போடுபவர்கள் அப்படிப் போடுவதில்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882-இல் செய்துகொண்ட முக்கூட்டு உடன்படிக்கை தற்காப்புக்கானது. தான் சீண்டாமல் இருக்கும்போது பிறரால் தாக்கப்பட்டால்தான் மற்றவர்கள் உதவ வேண்டும். 1914 ஜூலை 28-இல் செர்பியா மீது போர் அறிவித்தது ஆஸ்திரியா. ரஷ்யா மீதும் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது ஜெர்மனி. தாக்கியவர்கள் இவர்களே என்றால் இத்தாலிக்கு என்ன கடமை? போதாததற்கு, செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்புமுன் ஆஸ்திரியா இத்தாலியைக் கலந்து பேசவே இல்லை. செர்பியா அடங்கிய பால்கன் பகுதியில் ஆஸ்திரியா எதையாவது பெற்றால் இத்தாலிக்கு ஈடு தர வேண்டும் என்று ஒரு பிரிவும் இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் இத்தாலி நடுநிலை அறிவித்தது காகிதப்படி சரிதான்.

ஆனால் அது மட்டுமே காரணம் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். இத்தாலி ஆசைப்பட்ட டிரெண்டினோவும் டிரியெஸ்டும் இருந்தது கூட்டாளியான ஆஸ்திரியாவின் கையில். 1915 ஏப்ரல் 26-இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் லண்டனில் ரகசியமாக அந்த நிலங்களைத் தருவதாக எழுதிக் கொடுத்தன. இத்தாலி பழைய உடன்படிக்கையை முறித்ததோ மே தொடக்கத்தில். அதாவது சில நாட்கள் இரண்டு பக்கமும் கையெழுத்து இருந்தது! மே 23-இல் ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. உங்கள் மாணவிக்கு இந்தத் தேதிகள் போதும்.

இனி, கூட்டணிகள் போரை எப்படி வடிவமைத்தன என்ற கேள்வி. ஒன்று இழுக்க இன்னொன்று விழுந்தது என்று நடத்துவது சுலபம். செர்பியாவைக் காக்க ரஷ்யாவைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றதும் அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். ஒப்பந்தத்தை விட, அதை நம்பி ராணுவ அதிகாரிகள் போட்ட திட்டங்கள்தான் அதிக வேலை செய்தன. 1892-இல் பிரான்சும் ரஷ்யாவும் வகுத்த ராணுவ ஏற்பாட்டில், ஜெர்மனி தாக்கினால் பிரான்ஸ் 13 லட்சம் பேரையும் ரஷ்யா 7 முதல் 8 லட்சம் பேரையும் அதற்கு எதிராக இறக்க வேண்டும். இரு முனையிலும் சிக்குவோம் என்று கணக்குப் போட்ட ஜெர்மனி, படைதிரட்ட அதிக நாள் எடுக்கும் ரஷ்யாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெல்ஜியம் வழியாகப் பிரான்சை முடிக்கலாம் என்று திட்டமிட்டது. அதனால்தான் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரயேவோவில் தொடங்கிய பால்கன் தகராறில், ஜெர்மன் படையின் முதல் பெரிய தாக்குதல் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகள் மீது நடந்தது. வரைபடத்தில் இரண்டு ஊரையும் காட்டுங்கள், பிள்ளைகளே ஏன் என்று கேட்பார்கள்.

பிரிட்டன் கதை இதைவிடச் சுவாரசியம். பிரான்சுடன் 1904-இல் செய்த உடன்பாடு எகிப்து, மொராக்கோ போன்ற காலனி விவகாரங்களைப் பற்றியது. போருக்கு வருவோம் என்று அதில் ஒரு வரி கிடையாது. 1912-இல் பரிமாறிய கடிதங்களும் 'கலந்து பேசுவோம்' என்பதோடு நின்றன. ஆனால் அதற்குள் பிரான்ஸ் தன் போர்க்கப்பல்களை மத்தியதரைக் கடலில் குவிக்க, பிரிட்டன் வட கடலைப் பார்த்துக்கொண்டது. பிரான்சின் வட கரை காவலின்றிக் கிடந்தது. அதை ஜெர்மன் கப்பல்களுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? காகிதத்தில் இல்லாத கடமை இப்படித்தான் வந்து சேரும். இறுதியில் பிரிட்டன் போரில் இறங்க, பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதி தந்த 1839 உடன்படிக்கை காரணமாகக் காட்டப்பட்டது. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் தனித்தனியே சமாதானம் செய்யமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தந்ததே 1914 செப்டம்பர் 5-இல், போர் தொடங்கிய பிறகு.

(பிரிட்டனின் கூட்டாளி ஜப்பானும் போருக்கு வரும் என்று எதிர்பார்த்துத்தான் ஜெர்மனியின் ஆசியக் கப்பற்படை கிழக்காசியக் கடலை விட்டு விலகியது. அதிலிருந்து பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்ட எம்டன் கப்பல்தான் அந்தச் செப்டம்பரில் சென்னையைச் சுட்டது.)

நேட்டோவுக்கு வருவோம். 1949 உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் 'அவசியம் என்று தான் கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் வாசகம். படை அனுப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. எல்லையும் உண்டு: தென் அட்லாண்டிக் அதற்குள் வராது. 1982-இல் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது அந்தப் பிரிவு பிரிட்டனுக்கு உதவவில்லை. இதுவரை அது பயன்பட்டது ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு. ஆனாலும் நேட்டோவை வெறும் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. கூட்டுத் தலைமையகமும், 2017 முதல் பால்டிக் நாடுகளிலும் போலந்திலும் நிற்கும் பிற உறுப்பு நாடுகளின் படைகளும் அந்தத் தளர்வான வாசகத்துக்கு இறுக்கம் தருகின்றன. செய்தியில் 'பாதுகாப்பு ஒப்பந்தம்' என்று வந்தால் படை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

தேர்வு விடையில் மாணவர்கள் 'கூட்டணிகள் ஒரு காரணம்' என்றே எழுதட்டும், தவறில்லை. வகுப்பில் விவாதிக்க ருமேனியாவைக் கொடுங்கள். 1883-லேயே ரகசியமாக ஆஸ்திரியாவோடு சேர்ந்த நாடு. 1914-இல் மன்னர் போருக்குப் போகலாம் என்றார், ஆலோசனைக் கூட்டம் மறுத்துவிட்டது. 1916-இல் எதிரணியில் இறங்கியது. ஆஸ்திரியா-ஹங்கேரியிடம் இருந்த டிரான்சில்வேனியாவில் ருமேனியர்கள் பெருவாரியாக வாழ்ந்தார்கள் என்ற தகவலை மட்டும் கடைசியில் சொல்லுங்கள்.