ஓஸ்லோ எதை நம்பி வாழ்கிறது? சுற்றிப் பார்க்க ஏற்ற ஊரா?

நார்வேயின் தலைநகர் ஓஸ்லோ கச்சா எண்ணெய்ப் பணத்தில் ஓடும் ஊர், பார்க்க ஒன்றும் இல்லை, நேராக மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகருக்கு ரயில் ஏறிவிடலாம் என்று சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே குடியிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெய் விஷயம் பாதி உண்மை, பார்க்க ஒன்றும் இல்லை என்பது சுத்தத் தவறு.

எண்ணெய்த் தொழிலின் மையம் மேற்குக் கரையில், ஸ்டாவாங்கரில் இருக்கிறது. ஓஸ்லோவில் இருப்பது அதன் பணப்பெட்டி. எண்ணெய் வருமானத்தைச் சேர்த்து வைக்க 1996இல் முதல் தொகை போட்டுத் தொடங்கிய எண்ணெய் நிதியத்தை நாட்டின் மத்திய வங்கி இங்கிருந்துதான் நிர்வகிக்கிறது. உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள பங்குகளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் அதன் கையில். அத்தனையும் வெளிநாட்டு முதலீடு. அரசும் நினைத்தபடி கை வைக்க முடியாது, நிதியத்தின் மதிப்பில் சராசரியாக ஆண்டுக்கு 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மற்றபடி வங்கி, கப்பல், மென்பொருள், அரசு அலுவலகம் என்று ஊரில் பலருக்கும் மேசை வேலைதான்.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் இல்லை என்பதாலேயே இது எனக்குப் பிடிக்கும். கடலோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கர் பிரிக்கெ என்ற கடலோரப் பகுதி 1982 வரை கப்பல் கட்டும் தளம். இன்னொரு பக்கம் பியோர்விகா பகுதியில் கரையை மறித்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓடியது. 2010இல் அதைக் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதையாக இறக்கிவிட்டார்கள். அதே பகுதியில் 2008இல் திறந்த ஓபரா அரங்கின் கூரையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். வெள்ளைச் சலவைக்கல் சரிவு தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது, டிக்கெட் கிடையாது. குளிர்காலத்தில் வழுக்கும், நல்ல ஷூ வேண்டும். எதிரே 2020இல் திறந்த டைக்மன் நூலகத்தில் புத்தகம் மட்டும் இல்லை, தையல் மெஷின்கூட உண்டு. பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை தேடும் அகதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம். இவ்வளவு விலை பெறும் கடலோர நிலத்தில் ஒரு பகுதியையாவது எல்லோருக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்களே, அதுதான் இந்த ஊரில் பார்க்க வேண்டியது.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: சாதாரண பஸ் டிக்கெட்டிலேயே படகு ஏறி ஹூவேட்யா தீவுக்குப் போகலாம், சில நிமிடப் பயணம். 1147இல் கட்டிய கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் இடிபாடுகள் அங்கே இருக்கின்றன. குளிக்கவும் செய்யலாம், தண்ணீர் ஜில்லென்று இருக்கும். விகெலான் சிற்பப் பூங்காவுக்கும் கட்டணம் இல்லை. ஹோட்டல் சாப்பாடுதான் கையைக் கடிக்கும். மதியத்துக்கு சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே உள்ளவர்களே அப்படித்தான். ஜூலையில் ஊர்க்காரர்கள் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், சில சின்னக் கடைகள் பூட்டியிருக்கும். என்னைக் கேட்டால் ஜூன் முதல் பாதியில் வாருங்கள்.

பத்திரிகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1860இல் தொடங்கிய ஆப்டன்போஸ்டன், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்கள் 1945இல் தொடங்கிய வேகே, இரண்டுமே இந்த ஊர்ப் பத்திரிகைகள். எனக்கு இவற்றைவிடச் சின்னப் பத்திரிகைகள் பிழைத்திருப்பதுதான் பெரிய விஷயம். இடதுசாரி நாளிதழ் க்ளாசெகாம்பென், கிறிஸ்தவ நாளிதழ் வோர்ட் லான் போன்றவற்றுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. 1969இலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. காசு வாங்கிக்கொண்டே இரண்டும் அரசைத் திட்டி எழுதுகின்றன. அதற்காகத் தொகை வெட்டப்படுவதில்லை. வானொலி, தொலைக்காட்சி நடத்தும் என்ஆர்கேவுக்கு வீட்டுக்கு வீடு வசூலித்த உரிமக் கட்டணத்தை 2020இல் எடுத்துவிட்டார்கள், இப்போது வரிப்பணத்தில் நடக்கிறது. நம் வரிப்பணம் இப்படிச் செலவாவதில் எனக்கு முழுச் சம்மதம்.