கப்பு ஜெயிச்ச டீமு எங்கீங்க போச்சு? (கேள்வி பதில்)

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): நம்ம நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டினு ஒரு ஃபுட்பால் டீம் ஆடுனாங்க, ஐ-லீக்னு நாடு முழுக்க நடக்கற கிளப் லீக்ல கப்புகூட அடிச்சாங்க. இப்ப ஆளையே காணோம். சென்னை பேரை வெச்சுக்கிட்டு கோயமுத்தூர்ல எதுக்குங்க ஆடுனாங்க, முதல்ல அதைச் சொல்லுங்க.

பதில்: நெம்ப பேர் இதைக் கேட்டிருக்கீங்க. அது 1946லயே ஆரம்பிச்ச கிளப்புங்க, ஆனா ரொம்ப காலம் சென்னைக்குள்ள லோக்கல் லீக் ஆடிட்டு இருந்த டீம்தான், வெளியூர்ல யாருக்கும் பேர்கூடத் தெரியாது. 2016ல கோவாக்காரங்க சல்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ மூணு கிளப்பும் ஐ-லீக் வேண்டாம்னு கெளம்பிட்டாங்க, லீக்ல இடம் காலி, புது டீம் வேணும், அப்படி நேரா உள்ள வந்தவங்கதான் சென்னை சிட்டியும் பஞ்சாப்ல இருந்து மினர்வாவும். முதல் சீசன் சென்னையிலயே ஆடுனாங்க. பத்து டீம்ல எட்டாவது.

ஆனா சென்னையில ஏற்கனவே ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக்குங்கற இன்னொரு பெரிய லீக்ல ஆடற சென்னையின் எஃப்சி இருக்குது, 2015லயே கப்பு வாங்குன டீமு, சினிமா ஸ்டாரு, கிரிக்கெட் ஸ்டாருன்னு ஓனர் பட்டாளமே இருக்குது. அங்க போயி இன்னொரு டீமுக்கு டிக்கெட் வாங்குங்கன்னா எவன் வாங்குவான்? இதுல 2017-18ல ரெண்டு லீக்கும் ஒரே நேரத்துல வேற நடக்க ஆரம்பிச்சுது. அந்த சீசன்ல இருந்து இவங்க ஹோம் கிரவுண்டு நம்ம வ.உ.சி. பார்க் பக்கத்துல இருக்கற நேரு ஸ்டேடியம்னு ஆயிடுச்சு. போட்டிக்கு வேற புரொபஷனல் டீம் இல்லாத ஊரு, யோசிச்சுப் பார்த்தா நல்ல முடிவுதான். ஆனா பேரை மட்டும் மாத்தல பாருங்க, அது எனக்கு அப்பவே உறுத்துச்சு. கோயமுத்தூர்க்காரன் கேலரியில உக்காந்து "சென்னை, சென்னை"ன்னு கத்தோணும்னா எப்படிங்க.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷன்ல இருந்து): எட்டாவது வந்த டீம் எப்படிங்க சாம்பியன் ஆகும்? சும்மா லக்குதானுங்க?

பதில்: லக்குனு சொன்னா பாவமுங்க. 2017-18லயும் எட்டாவதுதான், அது உண்மை. அப்பறம் ஓனர் ரோஹித் ரமேஷ் சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச்சைக் கூட்டிட்டு வந்தாரு, கூடவே ஸ்பெயின்ல இருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவானு ஒரு செட்டே வந்து எறங்குச்சு. பந்தை எத்தி விட்டு பின்னாடியே ஓடற ஆட்டம் இல்லீங்க, காலுக்கு காலு பாஸ் போட்டு வர்ற ஆட்டம், பாக்கறதுக்கே அம்சமா இருக்கும். மொத மேட்ச்லயே இந்தியன் ஆரோஸை 4-1னு அடிச்சாங்க, அதுல மூணு கோலு மான்சி. ஈஸ்ட் பெங்கால் எவ்வளவு பெரிய டீமு, அவங்களைக் கொல்கத்தாவுல ஒருக்கா, இங்க ஒருக்கான்னு ரெண்டு தடவையும் 2-1னு முடிச்சு விட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க மட்டும் இல்லைங்க, எட்வின் வான்ஸ்பால், ரோமாரியோ, அஜித்குமார்னு தமிழ்ப் பசங்களும் வாரா வாரம் ஆடுனாங்க, எனக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

கடைசியிலதான் வயித்துல புளியைக் கரைச்சாங்க. ஒரே ஒரு மேட்ச் பாக்கி இருக்கறப்ப சர்ச்சில் பிரதர்ஸ்கிட்ட 2-3னு தோத்துட்டாங்க, இப்ப இவங்க 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. 2019 மார்ச் 9, பொழுதோட நம்ம ஸ்டேடியத்துல இவங்க மினர்வா பஞ்சாப் கூட, அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கூட. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சு இவங்க டிரா பண்ணுனாக்கூட கப்பு கொல்கத்தாவுக்குப் போயிரும். ஆரம்பிச்சு மூணாவது நிமிசமே மினர்வா ஒரு கோலைப் போட்டுட்டான், அட கெரகமேனு கேலரியே கம்முனு ஆயிருச்சு, ஹாஃப் டைம் வரைக்கும் 0-1தான், அவனவன் போன்ல கோழிக்கோடு ஸ்கோரைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். செகண்ட் ஹாஃப்ல மான்சி பெனால்டி அடிச்சு சமம் பண்ணுனாரு. அப்பறம் கவுரவ் போரானு ஒரு அசாம் பையன், டிஃபெண்டருங்க, கோலைத் தடுக்கறதுக்குன்னு வெச்சிருந்த ஆளு, அவன் போயி ஒண்ணு போட்டான், கடைசியில இன்னொண்ணும் போட்டான். 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் 2-1னு ஜெயிச்சுட்டாங்க, 42 பாயிண்ட். இவங்க 43. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை.

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவி): ஜெயிச்சா மேல போகணும். இவங்க ஏன் அப்படியே கீழ போனாங்க?

பதில்: நல்லாக் கேட்டீங்க அம்மிணி, விசயமே அங்கதான் இருக்குது. அப்ப மேல போறதுக்குப் படியே கிடையாது. ஐஎஸ்எல் தனியா ஓடுது, டிவி வெளிச்சம், ஸ்பான்ஸர் எல்லாம் அந்தப் பக்கம். ஐ-லீக் ஜெயிச்சா ஐஎஸ்எல்ல ஆடலாம்னு விதி இல்ல. 2019 அக்டோபர்ல, அதாவது இவங்க ஜெயிச்சு ஏழே மாசத்துல, ஐஎஸ்எல்தான் நாட்டோட முதல் லீக்னு ஆசிய ஃபுட்பால் சம்மேளனம் ஒரு திட்டம் போட்டுச்சு, ஐ-லீக் சாம்பியன் மேல போறதெல்லாம் 2022-23ல இருந்துதான்னு அதுல எழுதிட்டாங்க. இவங்க கப்பை எடுத்து பீரோவுல வெச்சுக்க வேண்டியதுதான்.

நம்பிக்கை தர்ற மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். 2019 ஆரம்பத்துல சுவிட்சர்லாந்து கிளப் எஃப்சி பாசல் இதுல 26 சதவீதப் பங்கு வாங்குனாங்க. ஐரோப்பாவுல பெரிய கிளப்புங்க அது, இனி ஓஹோன்னு போகும்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா கப்பு ஜெயிச்ச டீம்ல ஆள் நிக்கல. எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனாரு, கோர்டில்லோ ஹைதராபாத் போனாரு, அதுல காண்ட்ராக்ட் தகராறாகி அவருக்கு நாலு மாசம் தடை வேற வந்துச்சு. 2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுத்துல பஹ்ரைன் டீம் அல்-ரிஃபாகிட்ட 0-1னு தோத்தாங்க, அதே சமயம் மான்சியும் ஜப்பானுக்குக் கெளம்பிட்டாரு. மார்ச்ல கொரோனா வந்து லீக் பாதியில நின்னுபோச்சு. அடுத்த சீசன் மொத்தமும் மேற்கு வங்காளத்துலயே பூட்டி வெச்சு நடத்துனாங்க, இவங்க கீழ் பாதியில முடிச்சாங்க. 2021-22 லீக் பட்டியல்ல இவங்க பேரே இல்ல. கப்பு வாங்கி மூணு வருசம்கூட ஆகலைங்க.

யாரு தப்புன்னு கேப்பீங்க. ஓனரைத் திட்டறது சுளுவு. ஆனா ஜெயிச்சாலும் வருமானம் ஏறாத, தோத்தாலும் செலவு கொறையாத ஒரு லீக்ல எத்தனை வருசம் ஒருத்தரு கைக்காசைப் போட்டு ஓட்டுவாரு? லோக்கல்ல டிக்கெட் காசு ஒரு பேச்சுக்குக்கூட தேறாது. என்ர கருத்து, கோயமுத்தூர் பேரு இருந்திருந்தா இந்தப் பக்கத்து மில்லுக்காரங்க, மோட்டார் பம்பு கம்பெனிக்காரங்க யாராவது கை குடுத்திருப்பாங்களோ என்னமோ. ஜெர்சியில சென்னைனு இருக்கற டீமுக்கு நம்மாளு எதுக்குங்க செக் எழுதுவாரு?

கேள்வி (சிங்காநல்லூர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி): எங்க காலத்துல மில்லுக்குனு டீம் வெச்சு ஆடுனோமுங்க. அந்த மாதிரி கம்பெனியே நடத்துனா நிக்காதுங்களா?

பதில்: ஐயா, உங்க ஆசை புரியுதுங்க, ஆனா அதுக்கும் ஒரு சோகக் கதை இருக்குது. பஞ்சாப்ல பக்வாரானு ஒரு ஊரு, அங்க ஜேசிடினு நம்மூர் மாதிரியே ஒரு துணி மில்லு, அவங்க டீமு 1996-97ல, ஐ-லீக்குக்கு முந்தி இருந்த தேசிய லீக்கோட முதல் கப்பையே ஜெயிச்சாங்க, இந்திய டீம் ஸ்டாரு பாய்ச்சுங் பூட்டியா அதுலதான் கோல் மேல கோலா அடிச்சாரு, இன்னொரு இந்திய ஸ்டாரு ஐ.எம். விஜயனும் அந்த டீமுக்கு ஆடுனவருதான். அந்த டீமை 2011ல மூடிட்டாங்க. மும்பையில மஹிந்திரா யுனைடெட், 2005-06 சாம்பியன், அதையும் 2010ல மூடியாச்சு. கம்பெனிக்கு டீமுங்கறது விளம்பரச் செலவு, பேலன்ஸ் ஷீட்ல சித்த நெருக்குனா முதல்ல வெட்டறது அதைத்தான். ரசிகனுக்குப் பங்கு இருக்கற கிளப்பா இருந்தா வேற கதை, இங்க அது இன்னும் பழக்கத்துக்கு வரல.

கேள்வி (மேட்டுப்பாளையம்): கடைசி நாள் தோத்தாங்களே மினர்வா, அவங்க என்னங்க ஆனாங்க?

பதில்: 2017-18 சாம்பியனே அவங்கதான், அடுத்த வருசமே இங்க வந்து உதை வாங்கிட்டுப் போனாங்க. அப்பறம் ஓனர் மாறி, பேரும் மாறி, 2022-23ல மறுபடி ஐ-லீக் ஜெயிச்சாங்க, அப்ப விதி வந்துருச்சு பாருங்க, நேரா ஐஎஸ்எல்லுக்கு ஏறிட்டாங்க. ஐ-லீக்கை ஜெயிச்சு அப்படி மேல போன முதல் டீம் பஞ்சாப் எஃப்சிதான். சென்னை சிட்டி அதே கப்பை நாலு வருசம் முந்தி வாங்கிடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி (உடுமலை): அந்த சீசன்ல எச்சா கோல் அடிச்சது மான்சினு நானு, சர்ச்சில் டீமு வில்லிஸ் பிளாசானு என்ர மச்சான். 500 ரூபா பந்தயம். யாருக்குங்க?

பதில்: ரெண்டு பேருக்குமே 21 கோலுங்க. காசு அவங்கவங்க பாக்கெட்லயே இருக்கட்டும், மச்சானோட சண்டை வேண்டாம்.