பழைய பாக்ஸ், புது டிவி: படம் ஏன் மங்குகிறது? கேள்வி பதில்

பாக்ஸ் பழசு, டிவி புதுசு, படம் மட்டும் தேறவில்லை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். டிஷ் மாட்டுவதும் பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. "படம் சரியில்லை" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறீர்கள். அதில் இரண்டு வகை இருக்கிறது. படம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் கலங்கலாகத் தெரிகிறது என்றால் ஒரு வகை. கட்டம் கட்டமாக உடைகிறது, நின்று நின்று வருகிறது என்றால் வேறு வகை. முதலாவதற்கு டிஷ்ஷைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. இரண்டாவதற்கு டிவி செட்டிங்கை நோண்டிப் பிரயோஜனம் இல்லை. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் புள்ளியைக் குறைத்த காலம் போய்விட்டது. டிஜிட்டலில் போதுமான சிக்னல் வந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் படம் கூடுதலாகத் தெளியாது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணா, 43 இன்ச் 4கே டிவி வாங்கினோம். பழைய டிவியில் பளிச்சென்று இருந்த அதே பாக்ஸ் இதில் கண்றாவியாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கடைக்காரரை விட்டுவிடுங்கள். எச்டி இல்லாத சாதாரண எஸ்டி பாக்ஸ் தருவது 720க்கு 576 புள்ளி, மொத்தம் சுமார் 4 லட்சம். உங்கள் 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். வரும் ஒரு புள்ளியை டிவி 20 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவைக் கல்யாண ஃபிளெக்ஸில் போட்ட கதைதான். பழைய டியூப் டிவி இந்த அளவுப் படத்துக்கென்றே செய்தது, திரையும் சின்னது, அதனால் குறை தெரியவில்லை.

இல்லாத விவரத்தை எந்த செட்டிங்கும் கொண்டுவராது. ஆனால் டிவி தன் பங்குக்குச் செய்யும் கெடுதலைக் குறைக்கலாம். கடையில் காட்டிய "விவிட்" அல்லது "டைனமிக்" மோடிலேயே பலர் வீட்டிலும் ஓட்டுகிறார்கள். அதை "ஸ்டாண்டர்ட்" அல்லது "சினிமா"வுக்கு மாற்றுங்கள். அப்புறம் ஷார்ப்னெஸ். தெளிவு வேண்டும் என்று இதை 80, 90 என்று ஏற்றி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. ஒரு செய்திச் சேனலைப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய், கீழே ஓடும் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? அது சேனல்காரர் போட்டதில்லை, ஷார்ப்னெஸ் போட்டது. அந்தக் கோடு மறையும் வரை குறையுங்கள். முதலில் மங்கிவிட்ட மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் இருந்தால் நடுவில் வையுங்கள். முழுக்க ஏற்றினால் முகமெல்லாம் மெழுகு பூசியதாகிவிடும்.

கடைசியாக, படத்தின் அகலம். பாக்ஸ் மெனுவில் 4:3 என்று இருந்து, டிவி அதை 16:9க்கு இழுத்தால் ஆட்களெல்லாம் குண்டாகத் தெரிவார்கள், மங்கலும் கூடும். பாக்ஸில் 16:9 வைத்துவிட்டு டிவியில் ஜூம் போடாமல் விடுங்கள். சோஃபாவையும் இரண்டடி பின்னால் தள்ளிப் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எஸ்டி படத்துக்குத் தூரம்தான் மருந்து.

அரூரிலிருந்து: ஏவி வயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்ன டப்பா ஒன்று விற்கிறார்களே, "1080 ஃபுல் எச்டி" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

படம் தெளிவாகும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஏவியின் மஞ்சள் வயரில் வரும் அதே 576 வரிப் படத்தை 1080 ஆகப் பெரிதாக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த வேலையை உங்கள் டிவி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் அந்த டப்பாவை விட நன்றாகவே. டிவியில் ஏவி ஓட்டையே இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

ஓசூரிலிருந்து: எங்களுடையது எச்டி பாக்ஸ் சார். எச்டி பேக்கும் போட்டிருக்கிறோம். அப்படியும் சுமாராகத்தான் வருகிறது.

டிவிக்குப் பின்னால் கையை விட்டு எந்த வயர் வருகிறது என்று பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் வந்தால் அங்கேயே விடை இருக்கிறது. எச்டி பாக்ஸ் மாட்டிப் பழைய ஏவி வயரிலேயே வருஷக்கணக்கில் பார்த்த வீடுகள் எத்தனையோ. அந்த மஞ்சள் வயர் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது சிவப்புப் புடவை ஓரத்தில் நிறம் வழியும், கோடு போட்ட சட்டையில் புள்ளிகள் ஊரும். எச்டிஎம்ஐ வயர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். விலை கூடிய வயர் தேவையில்லை.

மாட்டிய பிறகு பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் 576 என்று நிற்கிறதா என்று பார்த்து 1080க்கு மாற்றுங்கள். டிவி 32 இன்ச் எச்டி ரெடி என்றால் 720ம் போட்டுப் பார்த்து, எது கண்ணுக்கு நன்றாக இருக்கிறதோ அதை வையுங்கள். இன்னொன்று: எச்டி சேனலுக்குத் தனி நம்பர் இருக்கும். பேக் போட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் பழைய எஸ்டி நம்பரையே அமுக்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பாப்பாரப்பட்டியிலிருந்து: புது டிவியில் ஏவி மாட்டினால் கருப்பு வெள்ளையில் வருகிறது.

பல எல்இடி டிவிகளில் மஞ்சளுக்குத் தனி ஓட்டை இல்லை, பச்சை ஓட்டையையே அதற்கும் பயன்படுத்துகிறார்கள். மஞ்சளைப் பச்சையில் செருகியது சரி. ஆனால் ரிமோட்டில் "கம்போனென்ட்" தேர்ந்திருந்தால் நிறம் வராது, "ஏவி" என்று மாற்றுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கலர் சிஸ்டத்தை "பால்" (PAL) அல்லது ஆட்டோவில் வையுங்கள். ஹெட்ஃபோன் மாதிரி ஒற்றைப் பின் வயர் என்றால் டிவியோடு வந்ததையே போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இணைப்பின் வரிசை மாறும். படம் வர வேண்டிய இடத்தில் சத்தம் போய் நிற்கும்.

சந்தூரிலிருந்து: ஃப்ரீ டிஷ் போட்டிருக்கிறோம். வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. படம் உடைகிறது. மரத்தை வெட்டச் சொல்கிறார் மெக்கானிக்.

காய்க்கிற மரத்தில் கை வைக்காதீர்கள்! டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 டிகிரியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து தென்கிழக்கே, தரையிலிருந்து கிட்டத்தட்ட 67 டிகிரி உயரத்தில், அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே. டிஷ்ஷின் முகம் தாழ்ந்திருப்பதால் எதிரில் நிற்கும் மரம் மறைப்பதாகத் தோன்றும். அந்த டிஷ்ஷின் அமைப்பு அப்படி, அது பார்ப்பது முகம் காட்டும் திசையை விட நன்றாக மேலே. கணக்குப் போட்டால், டிஷ்ஷை விட 10 அடி உயரமான மரம் தென்கிழக்கில் சுமார் 4 அடிக்குள் இருந்தால்தான் தொல்லை. தலைக்கு மேல் சாய்ந்த கிளை இருந்தால் அதை மட்டும் கழியுங்கள்.

கிளை இல்லை என்றால் காரணம் வேறு. ஆடிக் காற்றில் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலைப் பிடிக்கும் பாகம்) மூடி வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கும். எல்என்பியில் மாட்டும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தாலோ, சுற்று வலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலோ முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். திருப்பும்போது மெனுவில் ஸ்ட்ரெங்த்தைப் பார்க்காதீர்கள், குவாலிட்டியைப் பாருங்கள். இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடி பொறுங்கள். பாக்ஸ் மெதுவாகத்தான் காட்டும்.

பென்னாகரத்திலிருந்து: மழை வந்தால் போய்விடுகிறது. பூஸ்டர் போட்டால் நிற்குமா?

நிற்காது. டிஷ் சிக்னலின் அலை நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், கனமழை அதை வழியிலேயே தின்றுவிடும். வராத சிக்னலைப் பூஸ்டர் பெருக்க முடியாது. தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை. கொட்டும் மழையில் பத்து நிமிடம் போனால் விட்டுவிடுங்கள். இடி இடித்தால் டிஷ் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள், பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

பாலக்கோட்டிலிருந்து: பாதிச் சேனல் நன்றாக வருகிறது, மீதிப் பாதி சிக்னலே இல்லை என்கிறது. டிஷ் திருப்பியாகிவிட்டது.

இது பழைய பாக்ஸின் வயசு வியாதி. சேனல்கள் இரண்டு வகை அலையில் வருகின்றன. எதை எடுப்பது என்று எல்என்பிக்குச் சொல்ல, பாக்ஸ் அதே வயரில் ஒன்றுக்கு 13 வோல்ட்டும் இன்னொன்றுக்கு 18 வோல்ட்டும் அனுப்புகிறது. பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர் தலை உப்பிவிட்டால் 18 ஏறாது, அந்தப் பாதி செத்துவிடும். அடிக்கடி தானாக அணைந்து எரிவதும் அதே காரணமாக இருக்கலாம். அதே வயரில் வேறு பாக்ஸ் மாட்டினால் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் பாக்ஸ்தான். கெப்பாசிட்டர் சில்லறைக் காசுதான், ஆனால் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரன்ட் தங்கியிருக்கும். வேறு பாக்ஸிலும் வரவில்லை என்றால் வயரையோ எல்என்பியையோ பார்க்க வேண்டும்.

ஊத்தங்கரையிலிருந்து: கேபிள் பாக்ஸ். மாடிக்கு ஒரு லைன் பிரித்த பிறகு கீழே உடைகிறது.

பிரிப்பான் சிக்னலைப் பாதியாக்குகிறது, அதற்கு மேலும் கொஞ்சம் தின்கிறது. டேப் சுற்றிய ஜாயின்ட் எங்காவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு கேபிள்காரரை மீட்டரோடு வரச் சொல்லுங்கள். கேபிளில் சிக்னல் அதிகமானாலும் உடையும் என்பதால், நீங்களாக ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் போட வேண்டாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அம்மா இன்னும் அந்த இலவச கலர் டிவியைத்தான் பார்க்கிறார்கள். மாற்ற மாட்டேன் என்கிறார்கள். அதில் முன்னேற்றம் வருமா?

2006இல் தொடங்கிக் கொடுத்த 14 இன்ச் டிவிதானே? அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஸ்டி பாக்ஸுக்கு அதுதான் பொருத்தமான ஜோடி. பாக்ஸ் ஆன்டெனா ஓட்டை வழியாக மாட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு ஏவி ஓட்டையில் மாட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். இங்கே மட்டும் பாக்ஸ் மெனுவில் 4:3 வையுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: போன மார்ச்சில் சில நாள் ஃப்ரீ டிஷ் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் போய்ப் போய் வந்தது. மழையும் இல்லை.

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும் நாட்கள் அவை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் வரும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

மொரப்பூரிலிருந்து: மூன்று மணி நேரம் ஓடினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது.

பாக்ஸ் மேல் பின்னல் துணி போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். மேலே இருக்கும் துளைகள் சூடு வெளியேறத்தான். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் இருந்தால் வெளியே வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றால் பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்ன கெப்பாசிட்டர் கதையாக இருக்கும்.